நூறு ரூபாய்க்குப் போடுங்க

எங்கள் ஈரோட்டுப் பக்கம் பெட்ரோல் பங்கில் லிட்டர் கணக்கில் கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. "நூறுக்குப் போடுங்க", அவ்வளவுதான். பெட்ரோல் 60 ரூபாய் விற்றபோதும் நூறுக்கு, 80 விற்றபோதும் நூறுக்கு, 2021 ஜூலையில் சென்னையில் விலை நூறைத் தாண்டிய பிறகும் அதே நூறுக்கு. பங்குப் பையன் "ஜீரோ பாத்துக்குங்க" என்பான், நாமும் பார்ப்போம், எண்கள் ஓடும், ரூபாய்ப் பக்கம் சரியாக 100.00ல் வந்து நிற்கும். லிட்டர் பக்கம் எங்கே நின்றது என்று யாரும் பார்ப்பதில்லை. (110, 210 என்று கேட்டால் ஏமாற்ற முடியாது என்று நம்பும் ஒரு கூட்டம் உண்டு, என் மச்சான் அதில் ஆயுள் உறுப்பினர்.) முன்பு அந்த எண் ஒன்றரையைத் தாண்டும். நூறைக் கடந்த பிறகு ஒன்றைக்கூடத் தொடவில்லை.

விலை ஏறும்போதெல்லாம் டிவியில் ஒருவர் உட்கார்ந்து "இனி மக்கள் மைலேஜ் தரும் வண்டிக்கு மாறிவிடுவார்கள், எலெக்ட்ரிக்குக்கு மாறிவிடுவார்கள்" என்கிறார். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மாற முடிந்தவன் மாறுகிறான். பெட்ரோல் காசு யாரை உண்மையில் கடிக்கிறதோ, அவன் பழைய வண்டியையே உதைத்துக்கொண்டு இருக்கிறான். பதிவு கொஞ்சம் நீளம், நேரமிருக்கும்போது படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மைலேஜ் பார்த்து வண்டி வாங்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. புது வண்டி வாங்கி வீட்டு முன்னால் நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கிய ஈரம்கூடக் காய்ந்திருக்காது, எதிர்வீட்டுக்காரர் வந்து கேட்கும் முதல் கேள்வி "ஏனுங்க, எவ்வளவு குடுக்குதுங்க?" விலை, நிறம், பிரேக் எல்லாம் அப்புறம். 1980ல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்தபோது இருவர் உட்காரும் மொபெட் என்பதே இந்த நாட்டுக்குப் புதிது, அது ஓடியது சிக்கனத்தால். 1985ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது, 'நிரப்பு, மூடு, மறந்துவிடு' என்ற விளம்பரத்தோடு. அதே 1985ல்தான் யமஹா ஆர்எக்ஸ் 100ம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு இன்றும் உருகுகிறோம், பழைய வண்டியை லட்சம் கொடுத்துத் தேடுகிறோம், ஆனால் அன்றைக்கு சம்பளக்காரர்கள் வாங்கியது என்னவோ சிடி 100தான்.

அப்பாவுக்கு எக்ஸ்எல். ஜவுளி வியாபாரம். முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு துணி மூட்டை, பின்னால் ரெண்டு, நடுவில் அப்பா. தூரத்தில் இருந்து பார்த்தால் மூட்டைகள் தாமாக உருண்டு வருவது போல இருக்கும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி அது, பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், அந்த நீலப் புகை வாசனை வந்தால் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மேட்டில் இருந்து இறங்கும்போது அப்பா எஞ்சினை அணைத்துவிடுவார். லெவல் கிராசிங்கில் அணைப்பார். ரிசர்வுக்கு வந்தால் சாய்த்துப் பிடித்து ஆட்டி இன்னும் மூன்று கிலோமீட்டர் எடுப்பார். விலை ஏறினால் முதலில் மாறுவது இதுதான், வண்டி அல்ல. ரெண்டு தடவை போன வேலையை ஒரே தடவையில் முடிப்பது, பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்து பள்ளியில் இறக்கிவிடுவது, ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவது. இதெல்லாம் எந்த விற்பனைக் கணக்கிலும் ஏறாது.

சரி, வண்டியையே மாற்றியவர்கள் கதைக்கு வருவோம். என் சித்தப்பா மாற்றினார். 2012 மே மாதம் பெட்ரோல் ஒரே அடியில் ஏழு ரூபாய்க்கு மேல் ஏறியது ஞாபகம் இருக்கிறதா? பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010லேயே எடுத்துவிட்டார்கள், டீசலுக்கு மட்டும் அரசின் பிடி இருந்தது. லாரி, பஸ், டிராக்டர், பம்புசெட் எல்லாம் டீசல் என்பதால் அதில் கைவைக்கத் தயக்கம். அதனால் இரண்டுக்கும் நடுவில் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் இடைவெளி. விவசாயிக்கும் லாரிக்காரருக்கும் என்று வைத்த மலிவு விலையில் கார் வாங்கியவர்கள் எல்லாரும் போய் உட்கார்ந்துகொண்டார்கள். டீசல் காருக்குப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த காலம் அது. சித்தப்பாவும் காத்திருந்தார். பெட்ரோல் மாடலை விட ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கூடுதல் கொடுத்து எடுத்தார். "லிட்டருக்கு இருபதுக்கு மேல குடுக்குது, விலையும் பாதி, ரெண்டு வருசத்துல போட்ட காசு வந்துரும்" என்று கல்யாண வீட்டில் எல்லாருக்கும் கணக்குப் போட்டுக் காட்டினார்.

கணக்கு தப்பில்லை, மாதம் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டராவது ஓடியிருந்தால். அவர் ஓட்டியது மிஞ்சினால் அறுநூறு. அதற்குள் 2013 ஜனவரியில் இருந்து டீசலை மாதாமாதம் ஐம்பது காசு போலச் சத்தமில்லாமல் ஏற்ற ஆரம்பித்தார்கள். 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். முப்பது ரூபாய் இடைவெளி பத்து ரூபாய்ச் சொச்சத்துக்கு வந்தது. 2020 ஜூனில் டெல்லியில் டீசல் பெட்ரோலையே தாண்டிப் போனது. அதே ஆண்டு ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திக்கொண்டது. சித்தப்பா கார் ஷெட்டில் நிற்கிறது. ஸ்டார்ட் செய்தால் தெருவுக்கே தெரியும். அவர் அவசரப்பட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அன்றைய விலையைப் பார்த்து வாங்கினார், அந்த விலையோ அரசின் கையெழுத்தில் நின்ற விலை, கையெழுத்து மாறியது, கார் மாறவில்லை.

இதைச் சொன்னால் சிலர் "உலக மார்க்கெட் விலை சார்" என்று ஆரம்பிப்பார்கள். ஓரளவு வாஸ்தவம். ஆனால் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது, அடுத்த மாதமே, மேயில், இங்கே கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றினார்கள். மலிவு வந்தது, நம் பங்குக்கு மட்டும் வரவில்லை. பிறகு 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 3 ரூபாய் குறைத்தது, 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் மத்திய அரசு குறைத்தது. 2022 மேக்குப் பிறகு சென்னையில் 102 ரூபாய் 63 காசு என்று ஒரு விலை வந்து உட்கார்ந்தது, 2024 மார்ச் வரை அசையவே இல்லை. இந்த 102.63ஐக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், கீழே வேலை இருக்கிறது.

நான் பெருந்துறைப் பக்கம் வேலைக்குப் போகிறேன். போக இருபது, வர இருபது, மாதம் ஆயிரம் கிலோமீட்டர். ஐம்பது கொடுக்கும் பைக்கில் 20 லிட்டர், அதாவது பெட்ரோலுக்கு மட்டும் ரெண்டாயிரம். 2023 மே மாதம் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்தேன். பச்சை நம்பர் பிளேட், சாலை வரி கிடையாது. இரவு செருகினால் மூன்று யூனிட் ஏறும், நூறு கிலோமீட்டர் வரை ஓடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு எப்படிக் கூட்டினாலும் கரண்டுக்கு இருநூறு சொச்சம்தான் வரவேண்டும். ஒரே ஒரு விஷயம், ரெண்டு மாதக் கணக்கில் வீட்டு மீட்டர் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி மொத்த பில்லும் எகிறும். ஆகவே இப்போது மாதக் கடைசியில் மீட்டர் பெட்டி முன் டார்ச் அடித்து நிற்கும் ஆளாகிவிட்டேன். மனைவி சிரிக்கிறாள். அப்பா எஞ்சினை அணைத்து மேடு இறங்கியதைச் சொல்லி நான் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

ஏன் சரியாக மே மாதம் என்றால், ஜூன் 1ஆம் தேதியில் இருந்து மத்திய அரசின் மானியம் குறைகிறது என்று அறிவித்திருந்தார்கள். பேட்டரி கொள்ளளவில் ஒரு கிலோவாட் ஹவருக்கு (அதாவது ஒரு யூனிட்டுக்கு) 15,000 ரூபாய் என்பது 10,000 ஆனது, வண்டி விலையில் 40 சதவீதம் வரை என்று இருந்த உச்சவரம்பு 15 சதவீதமாக இறங்கியது. ஷோரூமில் அந்தக் கடைசி வாரம் தீபாவளிக் கூட்டம். நாடு முழுக்க அந்த மே மாதம் பதிவான எலெக்ட்ரிக் இருசக்கர வண்டிகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. ஜூனில் அதில் பாதிகூட இல்லை.

இப்போது அந்த 102.63க்கு வாருங்கள். மேயிலும் பெட்ரோல் 102.63, ஜூனிலும் 102.63. ஒரு பைசா மாறவில்லை. ஓடும் செலவில் எலெக்ட்ரிக்குக்கு இருந்த லாபம் அப்படியேதான் இருந்தது. மாறியது கடையில் கட்ட வேண்டிய தொகை மட்டும், அதில் ஏறக்குறைய இருபதாயிரம் கூடியதும் பாதிப்பேர் திரும்பிப் போய்விட்டார்கள். இருந்த அவசரத்தில் ஜூனில் வாங்க நினைத்தவர்களும் மேயிலேயே வாங்கிவிட்டார்கள் என்பதும் உண்மைதான், ஆனால் அதுவும் என் பேச்சுக்குத்தான் வந்து சேர்கிறது. பெட்ரோல் விலையைப் பார்த்து ஆசை வருகிறது, வண்டி விலையைப் பார்த்துத்தான் முடிவு வருகிறது.

மேல்தட்டில் பெட்ரோல் விலையைப் பார்த்து ஆசைகூட அடங்குவதில்லை. நூறு ரூபாய் பெட்ரோல் வந்த பிறகுதான் நம் ரோட்டில் எஸ்யூவிகள் பெருகின, 2023-24ல் நாட்டில் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி அதுதான். மார்க்கெட்டில் இறங்கிப்போனது ஆல்ட்டோ மாதிரியான சின்னக் கார். லிட்டருக்கு இருபதுக்கு மேல் கொடுக்கிற கார் விற்கவில்லை, பன்னிரண்டு கொடுக்கிறது பறக்கிறது! பைக்கில் இருந்து சின்னக் காருக்கு ஏற நினைத்தவனுக்கு இஎம்ஐ எட்டவில்லை, பெரிய கார் வாங்குபவருக்குப் பெட்ரோல் ஒரு செலவாகவே தெரியவில்லை. எலெக்ட்ரிக் கார் வாங்கிய என் முதலாளி வீட்டில் பழைய டீசல் வண்டியும் நிற்கிறது, "லாங் போறதுக்கு" என்கிறார்.

என் அண்ணி கதை வேறு. 2018ல் அரசு கொண்டுவந்த அம்மா ஸ்கூட்டர் திட்டத்தில் 25,000 ரூபாய் மானியத்தில் ஸ்கூட்டி வாங்கினார். வேலைக்கு அதில்தான் போய்வந்தார். 2021 மே மாதத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்ததும் ஸ்கூட்டி ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு மட்டும் என்றாகிவிட்டது. மாதம் ஆயிரத்து ஐந்நூறு மிச்சம், அதில் சீட்டு கட்டுகிறார். வண்டி வாங்கியதும் விட்டதும் இரண்டுமே பெட்ரோல் விலையால் மட்டும் நடக்கவில்லை பாருங்கள். மானியம் வந்தது வாங்கினார், பஸ் வந்தது விட்டார். அந்த பஸ் அவர் கம்பெனி நேரத்துக்கு வருகிறது என்பதுதான் விஷயம். எங்கள் லைனில் ராத்திரி பத்தரைக்கு ஷிப்ட் முடிகிறவனுக்கு எந்த பஸ்ஸும் இல்லை, அவன் பெட்ரோல் இருநூறு விற்றாலும் போட்டுத்தான் ஆகவேண்டும்.

அப்படி ஒரு தம்பி எங்கள் யூனிட்டில் ஹெல்பர். 2009 மாடல் பைக், லிட்டருக்கு முப்பத்தைந்து கொடுத்தாலே பெரிய விஷயம், கார்புரேட்டரை மாதம் ஒரு தடவை கழற்றிப் பூட்டுகிறான். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கே போகிறது. இந்த ஊரில் எலெக்ட்ரிக் வண்டியால் ஒருவனுக்கு நிஜமான லாபம் உண்டென்றால் அது அவனுக்குத்தான். "லோன் போட்டு எடுத்துடேன்டா" என்று நான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். முன்பணத்துக்கு வழியில்லை, ஏற்கெனவே தங்கச்சி கல்யாணக் கடன். மீறி எடுத்தாலும் குடியிருப்பது லைன் வீட்டில், மாடியில். கீழே வண்டி நிறுத்துவது தெருவில். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் விடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறான், அவர் "மழை பேஞ்சா யாருக்கு என்ன ஆவுமோ, வேண்டாஞ்சாமி" என்றுவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

போன மாதம் வீட்டுக்காரர் மனம் இறங்கிவிட்டாராம். படிக்கட்டுக்குக் கீழே ஒரு பிளக் பாயிண்ட் வைத்து, சப்மீட்டர் போட்டு, யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய். டீ குடிக்கும்போது தம்பி ஒரு பழைய டெலிவரி சலானின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். பன்னிரண்டு ரூபாய் என்றாலும் மாதம் ரெண்டாயிரத்துக்கு மேல் மிச்சம். நானும் ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

"கணக்கெல்லாம் கரெக்டா வருதுங்ணா, வண்டி ஒண்ணுதான் இல்லை" என்றான்.

இப்போதைக்கு ஒரே ஷிப்ட் விழும் நாட்களில் என் பின்னால் உட்கார்ந்து வருகிறான். மற்ற நாட்களில் அவன் பைக்தான், வழியில் பங்கில் நிறுத்தி நூறுக்குப் போட்டுக்கொள்கிறான்.