காதுவரை ஏறிய தோள்

(காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டின் கிணற்றடி. சனிக்கிழமை காலை. முக்காலியில் இடுப்புத் துண்டோடு முத்து. அப்பத்தா கையில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்.)

அப்பத்தா: சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாயே, என்னடா?

முத்து: ஒன்றுமில்லை அப்பத்தா. சும்மா.

அப்பத்தா: சும்மா வந்தவனுக்குத் தோள் ஏன் காதுகிட்ட நிற்கிறது? இறக்குடா.

முத்து: இறக்கித்தான் வைத்திருக்கிறேன்.

அப்பத்தா: இதுவா இறக்கம்? அம்மிக்கல் மாதிரி இருக்கிறது. மெட்ராஸில் பிடித்துவிட ஆளே இல்லையா?

முத்து: போன மாதம் ஸ்பாவுக்குப் போனேன். 2,500 ரூபாய். ‘பிரஷர் எவ்வளவு வேண்டும் சார்’ என்றார்கள். ஆபீஸில் கொடுப்பதே போதும் என்றேன்.

அப்பத்தா: சுகமாக இருந்ததா?

முத்து: மனசு அடங்கட்டும் என்று ஓடைச் சத்தம் போட்டுவிட்டார்கள். மூன்று தடவை பாத்ரூமுக்கு ஓடினேன்.

அப்பத்தா: 2,500 ரூபாய் கொடுத்து ஒன்றுக்குப் போன ஒரே ஆள் நீதான். (முதுகில் படீரென்று தட்டுகிறாள்)

முத்து: ஐயோ!

அப்பத்தா: கத்தாதே. சித்த வைத்தியத்தில் இதற்குத் தொக்கணம் என்று பேர். தட்டுவது, இறுக்குவது, பிடிப்பது என்று ஒன்பது வகை.

முத்து: இது பத்தாவது வகை. அப்பத்தா, தோலில் மெல்லிய நரம்பு ஒன்று இருக்கிறது. வெதுவெதுப்பான கையால் நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் தடவினால்தான் அது நன்றாக விழித்துக்கொள்ளும். எங்கே தொட்டார்கள் என்று சொல்வது வேறு நரம்பு. இது, தொட்டது இதமாக இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற நரம்பு. சுவீடன்காரர்கள் இதை ரொம்ப ஆராய்ந்திருக்கிறார்கள்.

அப்பத்தா: என் கை என்ன வேகம்?

முத்து: நான்குவழிச் சாலை வேகம்.

அப்பத்தா: அந்த நரம்பு உடம்பு முழுக்க உண்டா?

முத்து: உள்ளங்கையில் ரொம்பக் குறைவு. முடி முளைக்கிற தோலில்தான் அதிகம்.

அப்பத்தா: அப்படியானால் உன் உச்சந்தலைக்கு ஊற்றிய எண்ணெய் தண்டம்.

முத்து: பூனைமுடி இருந்தாலும் கணக்கில் சேரும்! கேள், அமெரிக்காவில் டிஃபானி ஃபீல்டு என்ற அம்மா குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை, 15 நிமிடம் தடவிக்கொடுக்கச் சொன்னார். மற்ற குழந்தைகளைவிட 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது. 1986-இல் வந்த ஆராய்ச்சி.

அப்பத்தா: உன்னையும் அப்படித்தான் தேய்த்தேன். எப்போது நிறுத்த வேண்டும் என்று அந்த அம்மா சொல்லவில்லையா? வயிற்றைப் பார். சரி, குனி. பிடரியில் இந்தப் பக்கம் முடிச்சு முடிச்சாக இருக்கிறதே, யாரிது?

முத்து: மேனேஜர்.

அப்பத்தா: அந்தப் பக்கம்?

முத்து: வீட்டுக்கடன்.

அப்பத்தா: நடுவில்?

(முத்து பேசவில்லை. அப்பத்தாவின் கை வேகம் குறைகிறது. கட்டைவிரல் கழுத்திலிருந்து முதுகுக்கு மெல்ல இறங்குகிறது. கிணற்று உருளையில் ஒரு காக்காய்.)

அப்பத்தா: ஏன்டா மூக்கை உறிஞ்சுகிறாய்?

முத்து: சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டது.

அப்பத்தா: அது இன்னும் டப்பாவிலேயே இருக்கிறது.

முத்து: ...

அப்பத்தா: சரி, இரு. அவசரமில்லை, மெதுவாகக் கரைக்கிறேன்.