பூசையில் நாம் யாருடைய குரலில் பேசுகிறோம்?

"ஒவ்வொரு வாரமும் அதே பூசை, அதே செபம், இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்க இளைஞர்கள் பலர் இப்போது வெளிப்படையாகவே கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. அதற்குப் பங்குகளில், அதாவது ஒவ்வொரு குருவின் பொறுப்பிலும் உள்ள கோயில் சமூகங்களில், கண்டுபிடித்திருக்கும் மருந்துதான் எனக்கு ஒப்பவில்லை. கீபோர்டின் தாளம் கூடுகிறது, பலிபீடத்தின் அருகில் எல்.இ.டி. திரை ஏறுகிறது, ஒலிபெருக்கியின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பாடுகிறாரா சும்மா நிற்கிறாரா என்பதுகூடத் தெரியாமல் போகிறது. வியப்பை வெளியிலிருந்து வாங்கிவந்து ஊட்டிவிடலாம் என்று நினைக்கிறோம். அது வழிபாட்டு முறைக்குள்ளேயே ஏராளமாக இருக்கிறது என்பதும், அங்கே என்ன நடக்கிறதென்று கேட்கும் பழக்கம்தான் நம்மிடம் விட்டுப்போயிற்று என்பதும் என் எண்ணம்.

பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பமாகிய நற்கருணையை வாங்க எழுவதற்கு முன் எல்லோரும் சேர்ந்து, "ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன்" என்று சொல்கிறோம். இது யாருடைய வாக்கியம்? கப்பர்நாகூமில், நோயுற்றுக் கிடந்த தன் பணியாளுக்காக இயேசுவிடம் மன்றாடிய நூற்றுவர் தலைவர் ஒருவருடையது. மத்தேயு நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர் யூதரல்லர், சீடருமல்லர், ஆயுதம் தாங்கிய படை அதிகாரி. எத்தனையோ புனிதர்களின் அழகான சொற்கள் கைவசம் இருக்க, வேதத்துக்கு வெளியே நின்ற ஒரு போர்ச்சேவகனின் சொல்லை எடுத்துத் திருச்சபை தன் மக்களின் வாயில் வைத்திருக்கிறது. "நாங்கள் அருளானந்தர் காலத்திலிருந்தே வேதக்காரர்கள்" என்று, 17ஆம் நூற்றாண்டில் இங்கே மறைபரப்பிய அந்தக் குருவின் பெயரைச் சொல்லிப் பெருமை பேசுகிற குடும்பத்தாரும் அந்த நேரத்தில் வெளியாள் ஒருவனின் இடத்தில் நின்றுதான் கை நீட்ட வேண்டியிருக்கிறது. (நானும் அப்படிப் பெருமை பேசுகிற குடும்பத்தில் பிறந்தவன்தான்.) இதைக் கவனித்த பிறகு அந்த வரியை வாய்ப்பாடு போல ஒப்பிக்க என்னால் முடியவில்லை.

அதற்குச் சற்று முன்பு "தூயவர், தூயவர், தூயவர்" என்று பாடியிருப்போம். அது எசாயா இறைவாக்கினர் கண்ட காட்சியில், ஆறு சிறகுகள் கொண்ட சேராபீன்கள் ஒருவரை ஒருவர் அழைத்துப் பாடிய பாட்டு. அந்தக் குரலில் வாசல் நிலைகள் அதிர்ந்து கோவில் புகையால் நிறைந்தது என்று வேதநூல் சொல்கிறது. அதே பாட்டில், மூச்சு விடுவதற்குள், "ஓசன்னா" வந்துவிடுகிறது. அது எருசலேம் தெருவில் ஆடைகளை விரித்து, மரக்கிளைகளை வெட்டிப் பரப்பி ஆரவாரித்த கூட்டத்தின் குரல். வானதூதரின் வரியையும் தெருச்சனத்தின் வரியையும் ஒரே பாட்டில் நம்மிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தெருச்சனத்தை நாம் மறுபடியும் சந்திப்பது பாடுகளின் வரலாறு, அதாவது இயேசு துன்புற்று இறந்ததைச் சொல்லும் நற்செய்திப் பகுதி, வாசிக்கப்படும்போது. குருத்தோலை ஞாயிறன்றும் பெரிய வெள்ளியன்றும் அதைப் பிரித்து வாசிக்கும் வழக்கத்தில், கிறிஸ்துவின் பகுதி குருவுக்கு, கதை சொல்லும் பகுதி ஒருவருக்கு, மற்றவர்களின் பேச்சு இன்னொருவருக்கு. "சிலுவையில் அறையும்" என்ற கூச்சல் மட்டும் மக்களுக்கு. பக்கத்துக் கிராமக் கோயில் ஒன்றில் ஒரு பெரிய வெள்ளியன்று, கோயிலே அதிரும்படி எல்லோரும் அதைச் சொன்னபோது எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். "நீங்க ஏன் அப்பத்தா சொல்லல?" என்று பேரன் கேட்டான். "என் வாயால எப்படிடா சொல்றது?" என்றார்.

அங்கே அந்த வரியின் கனத்தை முழுதாக உணர்ந்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் அதை நாம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதே என் கட்சி. இயேசுவின் சாவுக்கான பழியை யூத இனத்தின் தலையில் சுமத்தி, அதன் பேரால் கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் செய்த கொடுமைகள் வரலாற்றில் இருக்கின்றன. அன்று வாழ்ந்த யூதர் எல்லோர் மீதோ இன்றைய யூதர் மீதோ அந்தப் பழியைப் போட முடியாது என்று கத்தோலிக்க ஆயர்களின் உலகளாவிய கூட்டமான 2ஆம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. கொன்றவர்கள் வேறு யாரோ என்று சொல்லித் தப்பிக்க நினைப்பவனின் வாயிலேயே அந்தக் கூச்சலை வைக்கிற இந்த வாசிப்பைவிடக் கூர்மையான மறைக்கல்வி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதைத் தனியே அறையில் உட்கார்ந்து படித்தால் பாதி விளைவுகூட இல்லை. தன் குரல் எதுவென்று பிரித்தறிய முடியாத கூட்டத்தின் நடுவே நின்று சொல்லும்போதுதான், கூட்டத்தோடு சேர்ந்து தீங்கு செய்வது எவ்வளவு சுலபம் என்று உடம்புக்கே தெரிகிறது. 2020இன் ஊரடங்கு நாட்களில் கைபேசியில் பூசை பார்த்தவர்களுக்கு எது குறைந்தது என்று கேட்டால், நற்கருணைக்கு அடுத்ததாக இதைத்தான் சொல்வேன்.

கட்டடம் தருகிற வியப்பு வேறு வகை. பிரான்சின் ரைம்ஸ் பேராலயத்தின் சாயலில் 1894இல் எழுப்பப்பட்ட இடைக்காட்டூர்த் திருஇருதய ஆலயத்துக்குள் முதன்முறை நுழைகிறவர் வாய் பிளக்காமல் இருக்க மாட்டார். நம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணியும் அப்படித்தான் நிற்கிறார். பத்தாவது முறை தலை நிமிர்வதில்லை.

கேள்வி கேட்கும் விஷயத்தில் வெளியிலிருந்து வருகிறவர்கள் நமக்கு உதவுவார்கள். கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்கு என்னோடு வந்த நகரத்தார் நண்பர் ஒருவர், "ஏண்ணே, சமாதானம் சொல்லும்போது கும்பிடுறீங்களே, வெளிநாட்டுலயும் இப்படித்தானா?" என்று கேட்டார். இல்லை. இந்திய ஆயர்கள் கேட்டு, 1969இல் உரோமை ஒப்புதல் அளித்த 12 மாற்றங்களில் அதுவும் ஒன்று. காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்வது, மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றுவது, ஆரத்தி எடுப்பது ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. செருப்பை வாசலில் விடுவதை நம்மவர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை என்பது வேறு விஷயம். அவர் கேட்டிராவிட்டால் நான் இதையெல்லாம் தேடிப் படித்திருக்க மாட்டேன்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பாஸ்கா இரவையும் சொல்ல வேண்டும். வெளியே மூட்டிய தீயருகில் குரு பெரிய திரியில் சிலுவையைக் கீறி, அதன் மேலும் கீழும் அகரமும் னகரமும் எழுதி, நான்கு மூலைகளில் நடப்பு ஆண்டின் நான்கு இலக்கங்களைப் பொறித்து, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிக்கிறார். எல்லாக் காலமும் கிறிஸ்துவுடையது என்று சொல்கிற அதே மெழுகில் இந்த ஆண்டின் எண்ணும் இருக்கிறது. பின்பு பாடப்படும் புகழுரையில் மெழுகு தந்த தேனீக்களுக்கும் இடமுண்டு. இதில் எதுவும் பின்வரிசைக்குத் தெரிவதில்லை. அப்போது அங்கே பலர் திரிக்குக் காகிதக் கப் மாட்டிக்கொண்டிருப்பார்கள். குரு இரண்டு வாக்கியத்தில் விளக்கிவிட்டுத் தொடங்கினால் போதும்.

திரை வாங்கும் பேச்சு எங்கள் பக்கமும் நடக்கிறது. வரும் தவக்காலத்துக்குள் பாடுகளின் வரலாற்றை மக்களுக்கான பகுதியைத் தடித்த எழுத்தில் காட்டி நகலெடுத்து எல்லோர் கையிலும் கொடுங்கள், அந்தப் பகுதியைப் பாடகர் குழுவிடம் விட்டுவிடாதீர்கள் என்று பங்குப் பேரவையில் கேட்கப் போகிறேன். எவ்வளவு செலவாகும் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் விசாரித்துவிட்டேன். திரையை மாட்டும் கம்பிக்கு ஆகிற காசுகூட ஆகாது.