ஹன்சாட்டில இல்லாத பாராளுமன்றம்

எங்கட எம்.பி.மாரின்ர பாராளுமன்ற வாழ்க்கையப் பற்றி எங்களுக்குப் பாதிதான் தெரியும் எண்டு கன காலமா எனக்கு ஒரு எண்ணம். பேச்சு முழுக்க ஹன்சாட்டில, அதுதான் பாராளுமன்றப் பேச்சுகளின்ர உத்தியோகப் பதிவில, கிடக்கு, வெளிநடப்புத் தெரியும், 1956இல தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலில இருந்து வாங்கின அடி தெரியும், 1972இல தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் காங்கேசன்துறை சீற்றை விட்டதும் அரசாங்கம் இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி மட்டும் இழுத்தடிச்சதும் தெரியும். ஆனா சீற்றை விட்டுட்டு வாறன் எண்டு அந்த மனிசன் வீட்டில எப்பிடிச் சொல்லியிருப்பார், மனிசி பிள்ளையள் என்ன கேட்டிருப்பினம்? அது ஒரு இடத்திலயும் இல்லை. எனக்கு அதுதான் வேணும்.

இது ஏன் இப்ப மண்டைக்குள்ள நிக்குதெண்டால், கொஞ்ச நாளா டிஸ்ரேலி தன்ர அக்கா சேராவுக்கு எழுதின கடிதங்களை வாசிச்சுக்கொண்டிருக்கிறன். பிறகு இங்கிலாந்துப் பிரதமரா வந்த ஆள்தான். 1837 டிசம்பர் 7, முதல் பேச்சுக்கு எழும்புறார், ஐரிஷ் தலைவர் ஓ'கொனலின்ர ஆக்கள் சிரிச்சு, கூவி, கால் தட்டி ஒரு வசனத்தையும் ஒழுங்கா முடிக்க விடேல்லை, கடைசியா நீங்கள் நான் சொல்லுறதைக் கேக்கிற காலம் வரும் எண்டு கத்திப்போட்டு இருக்கிறார். இது எல்லாப் புத்தகத்திலயும் இருக்கிற கதை. ஆனா அடுத்த நாள் அக்காவுக்கு என்ன எழுதுறார் எண்டு பாருங்கோ, என்ர முதல் பேச்சுத் தோல்விதான் எண்டு ஒளிக்காமல் சொல்லுறார், உடன அது என்ர ஏலாத்தனத்தால வந்த தோல்வி இல்லை, எதிராளியளின்ர உடம்புப் பலத்தால வந்தது எண்டும் சேர்த்து எழுதுறார். ஊரில இருக்கிற அக்கா பேப்பரில வாசிச்சு மனம் உடைஞ்சு போகக்கூடாது எண்ட அவசரம் அதுக்குள்ள தெரியுது. அந்தப் பொம்பிளைக்கு மறைக்கவும் ஏலாது, முழுசாத் தோத்தன் எண்டு சொல்லவும் மனம் வராது. ஒரு மனிசனை இவ்வளவு கிட்டத்தில ஹன்சாட் ஒருநாளும் காட்டாது.

அதுக்குப் பிறகு ரெண்டு மூண்டு நாளில இன்னொரு கடிதம். ஷீல் எண்ட ஐரிஷ் எம்.பி., எதிர்ப்பக்கத்து ஆள், ஒரு விருந்தில இவரை இருத்தி வைச்சுப் புத்தி சொல்லுறார்: ஒரு கூட்டத்தொடர் முழுக்க உன்ர கெட்டித்தனத்தை ஒளிச்சு வை, அலுப்படிக்கிற மாதிரிப் பேசு, கணக்கும் திகதியும் விவரமும் சொல்லு, பிறகு சபை தானாவே உன்னைப் பேசச் சொல்லிக் கேக்கும். சபை எண்ட இடம் எப்பிடி ஓடுது எண்டதுக்கு இதைவிட நல்ல பாடம் நான் வாசிக்கேல்லை, அதுவும் அக்காவுக்கு எழுதின கடிதத்தில கிடக்கு. முகநூல் கிளிப்புக்காக மூண்டு நிமிசம் கத்திப்போட்டு இருக்கிற எங்கட புது எம்.பி.மார் இதைக் கட்டாயம் வாசிக்கோணும்.

சேரா 1859இல செத்துப்போட்டா. அவர் பிரதமரானது 1868இல. இதைப் பாக்க உங்கட அக்கா இருந்திருக்கலாம் எண்டு ஒருத்தர் சொன்னதுக்கு, பாவம் "சா" (சேராவை அவர் அப்பிடித்தான் கூப்பிடுறவர்), எங்களுக்குக் கேக்கிற ஆள் இல்லாமல் போச்சுது எண்டாராம்.

இப்ப எங்கட பக்கம் வாறன். 1947இல இருந்து எத்தினை பேர் இந்த யாழ்ப்பாண மண்ணில இருந்து எம்.பி.யாக் கொழும்புக்குப் போயிருக்கினம். பின்னேரம் மெயில் ரயில் ஏறி விடியக் கோட்டையில இறங்கி, காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில இருந்த பழைய பாராளுமன்றத்தில போய் இருந்து, மொழி விளங்காத ஆக்களோடயும் விளங்கியும் கேக்காத ஆக்களோடயும் மல்லுக்கட்டின ஆக்கள். மனிசிமார் இஞ்ச. வாசலில விடிய வெள்ளனச் சனம் வந்து நிக்கும், இடமாற்றம், வேலை, ரோட்டு, பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார், எல்லாத்துக்கும் பதில் சொன்னது அந்தப் பொம்பிளையள்தான். அவையளுக்குக் கொழும்பில இருந்து கடிதம் வராமலே இருந்திருக்கும்? இன்னாற்ற விசயம் மந்திரியோட கதைச்சிட்டன் வந்தாச் சொல்லு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ, சாப்பாடு சரியில்லை, இண்டைக்கும் என்ர முறை வரேல்லை. இப்பிடி ஒரு கட்டுக் கடிதம் இருந்தால் நாங்கள் அரசியலைப் படிக்கிற விதமே மாறும்.

1981 ஜூலையை எடுங்கோ. இஞ்ச நூலகம் எரிஞ்சு ரெண்டு மாசம் ஆகேல்லை, எதிர்க்கட்சித் தலைவரா இருந்த அமிர்தலிங்கம் மேலயே ஆளுங்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தது, அந்த விவாதத்தில ஆளுங்கட்சி ஆள் ஒருவர் பழைய காலத்துத் தண்டனை மாதிரி ரெண்டு கமுகு மரத்தை வளைச்சுக் கட்டிக் கிழிக்கிறதைப் பற்றியெல்லாம் பேசினவர். சபையில தன்னைப் பற்றி இப்பிடிப் பேசினதுக்குப் பிறகு ஒரு மனிசன் அண்டு ராத்திரி சாப்பிட்டவரோ, நித்திரை கொண்டவரோ? அடுத்த நாள் அதே வாசலால திரும்ப எப்பிடி உள்ள போனவர்? எங்களுக்கு அரசியல்வாதி எண்டால் ஒண்டில் தியாகி, இல்லையெண்டால் துரோகி. நடுவில நிண்டு பயந்து களைச்சுப் போன ஒரு ஆளை எங்கட எழுத்து இன்னும் காட்டேல்லை.

கடிதங்கள் ஏன் இல்லை எண்டும் தெரியும். 1995 ஒக்டோபர் 30 ராத்திரி யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயரேக்க நாவற்குழிப் பாலத்தில மழைக்குள்ள நிண்ட சனத்தின்ர கையில காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், ஐசி, கொஞ்ச நகை. கடிதக் கட்டைத் தூக்க ஆருக்கு இடம்? எங்கட வீட்டிலயும் ட்ரங்குப் பெட்டி நிறைய அப்பாவின்ர கடிதம் கிடந்தது, திரும்பி வரேக்க பெட்டியே இல்லை. இன்னும் சில வீடுகளில எரிச்சது, ஏனெண்டால் எந்தப் பக்கத்து ஆக்கள் வந்து தேடினாலும் கடிதத்தில இருக்கிற ஒரு பேர் போதும் உயிர் போக. எரிச்ச ஆக்களை நான் ஒருநாளும் குறை சொல்லன்.

ஆனா இப்பவும் வைச்சிருக்கிறவை இருக்கினம், ரொறன்ரோவில, லண்டனில, கொக்குவிலில கூட. அது குடும்ப விசயம், ஊருக்கு எதுக்கு எண்டு கேக்கிறவைக்கு நியாயம் இருக்கு. அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ட்ரூமன், செனட்டரா வோஷிங்டனில இருந்த காலத்தையும் சேர்த்து, கன வருசமா மனிசி பெஸ்ஸுக்கு எழுதின கடிதங்கள் மனிசி செத்த பிறகு வெளியில வந்தது, எல்லாமா ஆயிரத்து முந்நூறுக்கு மேல. அவ தான் எழுதினதுகளில கனக்கத்தை எரிச்சுப்போட்டா. வரலாற்றை யோசி எண்டு அவர் சொல்ல, யோசிச்சுத்தான் எரிக்கிறன் எண்டாவாம். அது அவவின்ர உரிமை. அதுக்காக எங்கட கையில இருக்கிற எல்லாத்தையும் கறையானுக்குக் குடுக்கோணுமே? முப்பது வருசம் ஒருத்தரும் பாக்கக்கூடாது எண்டு எழுதிப் பூட்டி வைக்கலாம். டிஸ்ரேலியின்ர தம்பி அண்ணற்ற கடிதங்களை வெட்டிக் கொத்தித்தான் அச்சில போட்டவர், ஆனா மூலம் மிஞ்சினதால பிறகு கனடாவில குயின்ஸ் பல்கலைக்கழகத்து ஆக்கள் திருத்தமாப் பதிப்பிச்சவை. சேர் பொன்னம்பலம் அருணாசலம் எட்வர்ட் கார்பென்ரர் எண்ட இங்கிலாந்து எழுத்தாளருக்கு எழுதின ஞான விசாரக் கடிதங்களும் கார்பென்ரர் பத்திரமா வைச்சிருந்தபடியால்தான் 1927இல அச்சில வந்தது. சட்டசபை மனிசன், கேம்பிரிஜ்ஜில படிச்ச காலத்துச் சிநேகிதனுக்கு எழுதினது. அதுவும் தப்பினது இங்கிலாந்திலதான்.

ஆகவே வீட்டில இருக்கிறவையிட்ட ஒரு கேள்வி இல்லை, கெஞ்சுறன். பழைய ஆவணங்களை ஸ்கான் பண்ணி இணையத்தில சேர்க்கிற நூலகம் நிறுவனத்தோட கதையுங்கோ, 2005இல இருந்து அவை இதைத்தான் செய்யினம், யாழ் பல்கலைக்கழக நூலகத்தையும் கேட்டுப் பாக்கலாம். கடிதத்தைக் குடுக்க மனமில்லையெண்டால் ஸ்கான் பண்ணிப்போட்டு நீங்களே வைச்சிருங்கோ, ரெண்டு பக்கமும் எடுங்கோ. உறையை எறிஞ்சு போடாதேங்கோ, கன பேர் கடிதத்தில திகதி எழுதிறேல்லை, தபால் முத்திரையிலதான் அது இருக்கும்.