செய்த வேலைக்குக் காசு கேட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட்டுக்கு இரண்டு ஷெட் தள்ளி இருந்த அண்ணன், போன வியாழக்கிழமை கம்ப்யூட்டரில் ஓடும் தன் சிஎன்சி மெஷினை விற்றுவிட்டார். தர்மபுரிக்காரர். இருபது வருஷத்துக்கு மேல் இங்கே தொழில் செய்தவர். ஹைட்ரா கிரேன் வந்து மெஷினைத் தூக்கி லாரியில் ஏற்றும் வரை பக்கத்திலேயே நின்று, "பெல்ட் பேனல்ல படாம பாத்துக்கப்பா, பேனல்ல படாம" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பணம் கைமாறி, மெஷின் வேறொருவருடையது ஆகிவிட்ட பிறகும். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அவருக்கு ஆர்டர் இல்லாமல் போகவில்லை. கடைசி வாரம் வரை இரண்டு ஷிஃப்ட் ஓடியது. ஒரே ஒரு பெரிய பார்ட்டியிடமிருந்து, அதாவது வேலை கொடுத்த கம்பெனியிடமிருந்து, ஏழு மாதமாகப் பணம் வரவில்லை, அவ்வளவுதான். மெஷின் தவணை, சனிக்கிழமை பட்டுவாடா, கரண்ட் பில், ஷெட் வாடகை எதுவும் அதற்காகக் காத்திருக்காது. முதலில் வீட்டு நகை போனது, அப்புறம் வட்டிக்காரரிடம் போனார், கடைசியில் மெஷின்.

சிறுதொழில் ஏன் வளரவில்லை என்று பேச்சு வந்தால், புது டெக்னாலஜி இல்லை, ஆள் திறமை போதாது, பேங்க் கடன் கிடைப்பதில்லை என்பார்கள். கடன் கஷ்டம் உண்மைதான். ஆனால் பதினான்கு வருஷமாக நான் பார்த்த வரை, நாங்கள் கடனுக்கு அலைவதே பெரிய கம்பெனியிடம் எங்கள் பணம் மாட்டிக்கொண்டிருப்பதால்தான். அவர்களுக்கு வட்டியில்லாமல் விட்டுவிட்டு, நாங்கள் வட்டிக்கு வாங்குகிறோம்.

ஜிஎஸ்டி கணக்கைப் பாருங்கள். மார்ச் மாதம் 5 லட்சம் ரூபாய்க்கு ஷாஃப்ட் செய்து அனுப்புகிறேன். 18 சதவீதம் வரி, 90,000 ரூபாய். இரும்பு வாங்கியபோது கொடுத்த வரியைக் கழித்து, மீதியை ஏப்ரல் 20-ம் தேதிக்குள் நான் கட்டியாக வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பார்ட்டி எனக்கு ஒரு ரூபாய்கூடத் தந்திருக்க மாட்டார். ஆனால் என் பில்லில் இருக்கும் 90,000 ரூபாயைத் தன் வரியில் கழித்துக்கொள்வார். பில் தேதியிலிருந்து 180 நாள் வரை எனக்குப் பணம் தராமலே இதைச் செய்யலாம், சட்டம் அனுமதிக்கிறது. என் கைக்காசில் நான் கட்டிய வரி அவருக்குப் பயன்படுகிறது. இதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2006-ம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, எங்களுக்குப் பணம் தர அதிகபட்சம் 45 நாள்தான். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. புகார் கொடுக்க 2017-ல் சமாதான் என்ற இணையதளத்தை அரசாங்கம் தொடங்கியது. "ஏண்ணே புகார் போடல?" என்று அண்ணனிடம் கேட்டேன். "போட்டா காசு வந்துரும் தம்பி, அடுத்த பிஓ (ஆர்டர் சீட்டு) வருமா?" என்றார். அவர் வேலையில் முக்கால்வாசி அந்த ஒரே பார்ட்டியுடையது.

2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து வருமான வரிச் சட்டத்திலும் ஒரு விதி வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தந்த வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். 2024 மார்ச்சில் எங்களுக்குச் சில பழைய பாக்கிகள் வந்தது உண்மை. அதே மாதம் ஒரு பார்ட்டி போன் செய்து, "உத்யம் பதிவை கேன்சல் பண்ணிடுங்க, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார்கள். உத்யம் என்பது சிறுதொழில் என்று அரசாங்கத்தில் பதிந்துகொள்வது; அது இருந்தால்தான் இந்தச் சட்டங்கள் எங்களுக்குப் பொருந்தும். நான் கேன்சல் செய்யவில்லை. ஆர்டர் போனது.

250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள், பில்லுக்கு எதிராக பேங்குகள் பணம் தரும் ட்ரெட்ஸ் தளத்தில் சேர வேண்டும் என்ற உத்தரவும் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பில்லை கம்பெனி ஏற்றுக்கொண்டால்தான் பேங்க் நகரும்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த 180 நாளை, குறு சிறு நிறுவனங்களின் பில்லுக்கு 45 நாளாக்குங்கள். எங்களுக்குப் பணம் தராதவருக்கு வரிக் கழிவும் இல்லை என்று ஆகட்டும். பில் தேதி ஏற்கெனவே அரசாங்கக் கணக்கில் இருக்கிறது. எவரும் தன் பெயரைப் போட்டுப் புகார் கொடுத்து, வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அண்ணனுக்கு இன்னும் 11 லட்சம் வர வேண்டும். உத்யம் சான்றிதழ், பிஓ, டெலிவரி சலான் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் புகாரை ஏற்றப் போகிறோம். இனி அவருக்குப் போவதற்கு ஆர்டர் எதுவும் இல்லை.