‘ஒரு வேலையும் இல்லை தம்பி, பெட்ரோல் போட்டு ஓட்டுங்க’

பழைய கார் விற்கிறவர்களுக்கென்றே ஒரு வாக்கியம் இருக்கிறது. “வண்டியில ஒரு வேலையும் இல்லை தம்பி, பெட்ரோல் போட்டு ஓட்ட வேண்டியதுதான்.” சொல்லிவிட்டு பானட்டை இரண்டு தட்டு தட்டுவார்கள், பரீட்சையில் பாஸான பிள்ளையின் முதுகைத் தட்டுகிற மாதிரி. எனக்கும் தட்டிக் காட்டினார். பதினோராவது நாள் அதே பானட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்ப, பின்பக்கம் வெள்ளைப் புகை கக்க, நட்டநடு ரோட்டில் நான்கு விளக்கையும் மினுக்கவிட்டுக்கொண்டு நின்றேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும். புகையாகப் போய்க்கொண்டிருந்தது என் மூன்று வருடச் சேமிப்பு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பழைய வண்டி என்றால் செலவு வைக்கும், அது தெரிந்துதான் வாங்குகிறோம். பேட்டரி சாகும், பிரேக் தேயும், ஏசி மக்கர் பண்ணும். அதற்கெல்லாம் விற்றவரின் சட்டையைப் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. என் வயிற்றெரிச்சல் வேறு. எஞ்சின் போய்விட்டது என்று தெரிந்தே, அது தெரியாதபடி ஜோடித்து என் தலையில் கட்டினார். அந்தப் பொய்யைச் சொல்ல அவருக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. அது பொய்தான் என்று காட்ட எனக்கு இரண்டு மாதமும் ஒரு கட்டுக் காகிதமும் தேவைப்பட்டன.

மெக்கானிக் முதலில் எதையும் கழற்றவில்லை. எஞ்சின் ஆறும்வரை உட்காரச் சொன்னார். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார். கறுப்பாக எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த, கொழகொழவென்ற பசை. “தண்ணி கலந்திருக்கு சார்” என்றார். குளிரில் குட்டிக் குட்டி தூரம் ஓட்டுகிற வண்டியிலும் லேசாக இப்படிப் படியுமாம், அதனால் இதை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டாராம். (இந்த நேர்மை விற்றவரிடம் பாதி இருந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.) அப்புறம் ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவத்தை ஊற்றி, ரேடியேட்டர் வாயில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மேலிருந்த ரப்பர் பல்பை அமுக்கி அமுக்கி விட்டார். எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட்டிலிருந்து வரும் காற்று அந்தத் திரவத்தில் குமிழ் விட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகிவிட்டது. சிலிண்டருக்குள் எரிந்த புகை கூலன்ட்டுக்குள் வந்தால்தான் அந்த நிறம் மாறும். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கிற தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், போய்விட்டது, ஹெட்டே வளைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

அதோடு விட்டிருந்தால், பதினொரு நாளில் போயிருக்கலாமே என்று நானே என்னைச் சமாதானப்படுத்தியிருப்பேன். ஆனால் அவர் கூலன்ட் டேங்கின் உள்சுவரை விரலால் தேய்த்துக் காட்டினார். பழுப்பாக, மணல்மணலாக ஒட்டியது. ஒழுகலை அடைக்க ஊற்றுகிற மருந்து. ஊற்றினால் சில நாள் தாங்கும், வண்டி கைமாறும்வரை தாங்கினால் விற்பவருக்குப் போதும்.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. நான் வண்டி பார்க்கப் போனபோது பானட் சூடாக இருந்தது. “இப்பதான் கடைக்குப் போயிட்டு வந்தேன்” என்றார். ஆறின எஞ்சினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது வரும் புகையும் குலுக்கலும் சூடான எஞ்சினில் அவ்வளவாகத் தெரியாது. நான் என்ன செய்தேன்? சீட் கவர் நன்றாக இருக்கிறது என்று பார்த்தேன். பாட்டு கேட்கிறதா என்று பார்த்தேன். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் காசு கொட்டி வாங்கிய மாட்டின் கொம்புக்குப் பூசிய வர்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அன்று மாலையே போன் செய்தேன். வாங்கும்வரை “தம்பி, தம்பி” என்று உருகிய குரல், “ஹலோ, யாரு?” என்றது. விஷயத்தைச் சொன்னதும் வரிசையாக வந்தன, ஏற்கெனவே மனப்பாடம் செய்து வைத்த மாதிரி. “நீங்க ஓட்டிப் பாத்துதானே வாங்கினீங்க?” “எங்கிட்ட இருந்தவரைக்கும் ஒண்ணுமே இல்லையே.” “நீங்க எப்படி ஓட்டினீங்களோ.” “பழைய வண்டின்னா அப்படித்தான்.” கடைசியாக, “எழுதிக் கொடுத்ததைப் படிச்சுப் பாருங்க, உள்ளது உள்ளபடின்னுதான் போட்டிருக்கு.” அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது. அந்த நீல டிக்கைப் போல மனிதனைக் கொதிக்க வைக்கிற கண்டுபிடிப்பு வேறில்லை.

‘உள்ளது உள்ளபடி’ என்ற இரண்டு வார்த்தையை வைத்து எத்தனை பேர் பிழைக்கிறார்கள் தெரியுமா? அதைப் பார்த்ததும் வாங்கியவர் வாயடைத்துப் போவார் என்று கணக்கு. நானும் இரண்டு நாள் அடைத்துத்தான் போனேன். அப்புறம் தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார்: இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்பதற்கும், இருக்கிற நிலையைப் பொய் சொல்லி மறைப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தெரிந்தே சொன்ன பொய்க்கு அந்த வாசகம் பொதுவாகக் குடை பிடிக்காது. ஆனால் தெரிந்தே சொன்னார் என்று நீங்கள் காட்ட வேண்டும்.

காட்ட வேண்டியது நான்! ஏமாந்தவனே துப்பறிவாளன், ஏமாந்தவனே குமாஸ்தா, ஏமாந்தவனே டோ வண்டிக்கும் கைக்காசு கொடுப்பவன்.

இதற்கு நடுவில் அறிவுரை மழை வேறு. “பாத்து வாங்கியிருக்கக் கூடாதா?” “ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போறதுக்கு என்ன?” கூட்டிப் போயிருக்க வேண்டும்தான், ஒப்புக்கொள்கிறேன். வீட்டைப் பூட்டாமல் போனவன் முட்டாள் என்றே வைத்துக்கொள்வோம், அதற்காகத் திருடன் நல்லவனாகிவிடுவானா? பேசியவர்களில் ஒருவர்கூட விற்றவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சாமர்த்தியசாலியாம், நான் ஏமாளியாம்.

ஜார்ஜ் அகர்லோஃப் என்கிற பொருளாதார அறிஞர் 1970-ல் இதே பழைய கார் விவகாரத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைத்துக் கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார், ஓட்டை வண்டிக்காரர் ஓடி வந்து விற்பார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள்தான். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகே அந்தக் கட்டுரை வெளியானது, 2001-ல் அவர் நோபல் பரிசும் பெற்றார். திருப்பி அனுப்பியவர்கள் யாரும் என் ஆளிடம் கார் வாங்கியிருக்க மாட்டார்கள்.

என் கதைக்கு வருகிறேன். திருப்பம் ஸ்கேனரில் வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் மெக்கானிக் அதை மாட்டினார். எஞ்சின் கம்ப்யூட்டரில் பிழைகள் பதிவாகியிருக்கும், விற்பவர்கள் அவற்றை அழித்துவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். தெரியாதது ஒன்று: பிழைகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல வண்டிகள் தனியாக எண்ணி வைக்கின்றன. என் வண்டியில் அது 396 என்று காட்டியது. வாங்கிய அன்று பெருமையில் டேஷ்போர்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அந்தக் கணக்குப்படி நான் ஓட்டியது 384. அதாவது வண்டி என் கைக்கு வருவதற்கு 12 கிலோமீட்டர் முன்னால் யாரோ உட்கார்ந்து பிழைகளைத் துடைத்திருக்கிறார்கள். பேட்டரி மாற்றினாலும் அந்த எண் பூஜ்ஜியமாகலாம் என்று மெக்கானிக் எச்சரித்தார். பேட்டரியின் மேல் இருந்த தேதி ஒட்டு ஒன்றரை வருடம் பழையது, அதையும் படம் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது விளம்பரம். நான் அட்வான்ஸ் கொடுத்த மறுநாளே அதை நீக்கிவிட்டார். நல்லவேளை, வீட்டில் காட்டுவதற்காக ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தேன். ‘என் சொந்த உபயோக வண்டி, எஞ்சின் சூப்பர் கண்டிஷன்’ என்று அதில் இருந்தது. அதே போன் நம்பரைத் தேடினால் இன்னும் ஐந்து வண்டிகள் விற்பனைக்கு இருக்கின்றன, ஐந்தும் ‘சொந்த உபயோகம்’. ஒரு மனிதருக்கு எத்தனை உபயோகம்! பதிவுச் சான்றிதழில் இருந்த பழைய உரிமையாளரின் பெயரும் இவர் பெயர் இல்லை. வாங்கும்போது கேட்டதற்கு “மச்சான் பேர்ல இருக்கு” என்றார், நானும் தலையாட்டினேன். வியாபாரி சொந்த வண்டிக்காரர் வேஷம் போடுவது சும்மா இல்லை. தனி ஆள் தன் வண்டியை விற்பதையும் வியாபாரி விற்பதையும் பல நாட்டுச் சட்டங்கள் வேறுவேறாகப் பார்க்கின்றன, பொறுப்பு வியாபாரிக்கே அதிகம். அந்தப் பொறுப்பிலிருந்து நழுவத்தான் ‘சொந்த வண்டி’.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு எழுத்தில் போனேன். போனில் கத்தியதெல்லாம் காற்றோடு போச்சு, எழுதியதுதான் நின்றது. ஒரே பக்கம்: எந்தத் தேதியில் வாங்கினேன், விளம்பரத்தில் என்ன சொன்னார், வண்டியில் என்ன இருக்கிறது, எனக்கு என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள். திட்டு ஒன்றுகூட இல்லை. (முதல் வரைவில் நிறைய இருந்தது, வக்கீல் அடித்துவிட்டார்.) கூடவே மெக்கானிக்கின் அறிக்கை, சேஸிஸ் நம்பரும் கிலோமீட்டரும் தேதியும் கையெழுத்தும் போட்டு. எஞ்சினை இன்னும் கழற்றவில்லை, நீங்களே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி சேர்த்தோம். முன்பே கழற்றியிருந்தால் “நீங்கதான் கெடுத்தீங்க” என்று கதையை முடித்திருப்பார். 14 நாள் கெடு, பதிவுத் தபால், ஒப்புகை அட்டை. வண்டியை அதற்குப் பிறகு தொடவே இல்லை, நின்ற இடத்திலேயே நின்றது. கடன் தவணையை மட்டும் நிறுத்தாமல் கட்டினேன். ஓடாத வண்டிக்குத் தவணை கட்டும் தேதி வந்தால் எப்படி இருக்கும் என்று கட்டினவர்களுக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. “சார், வணக்கம்.” தம்பியாக இருந்து யாரோவாகிப் போனவன் ஒரு தபாலில் சாராகிவிட்டேன். “நம்ம மெக்கானிக்கிட்ட விடுங்க சார், நாலு நாள்ல ரெடி பண்ணிடலாம்.” எந்த மெக்கானிக்? அந்த மருந்தை ஊற்றினவரா? முடியாது என்றேன். பாதிச் செலவு தருகிறேன் என்றார். முடியாது. பேரம் ஒரு வாரம் இழுத்தது. கடைசியில் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைத் தர ஒப்புக்கொண்டார், ‘ஓட்டின தூரத்துக்கு’ என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு. டோ செலவு, பரிசோதனைச் செலவு என்னோடது. வழக்குப் போட்டு நின்றிருந்தால் முழுசும் கிடைத்திருக்கலாம், எத்தனை வாய்தாவுக்குப் பிறகு என்பதுதான் கேள்வி. சரி என்றேன். அந்தச் ‘சரி’ இன்னும் தொண்டையில் நிற்கிறது.

வந்தவர் முதலில் ஒரு காகிதத்தை நீட்டினார்: இனி எந்தக் கோரிக்கையும் கிடையாது, முழுத் திருப்தி. பணம் கணக்கில் ஏறாமல் பேனாவைத் தொட மாட்டேன் என்றேன். முக்கால் மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து என் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறியது. பெயர் மாற்றப் படிவத்திலும் அங்கேயே கையெழுத்து வாங்கினேன், இல்லாவிட்டால் அவர் ஆள் சிக்னல் தாண்டினால் அபராதம் என் வீட்டுக்கு வரும். போகும்போது பானட்டை இரண்டு தட்டு தட்டினார், பழக்கம் போல.

மூன்று வாரம் கழித்து அந்த விளம்பரம் மறுபடி வந்தது. அதே படம், அதே ‘சொந்த உபயோகம்’, கிலோமீட்டரும் அதே பழைய எண். நான் ஓட்டிய 384 கிலோமீட்டர் நடக்கவே இல்லை. நான் பேசினால் குரல் தெரிந்துவிடும் என்று மைத்துனனை விட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கச் சொன்னேன்: எஞ்சினில் ஏதாவது வேலை இருக்கிறதா?

“ஒரு வேலையும் இல்லை தம்பி” என்றது போன்.