ஸ்கிட் பிளேட் தொழில்: மெஷினுக்கு முன்னால் ஜிக்

காடு மேடு ஏறும் வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சாமான் செய்து விற்கலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது முன் பம்பரில். பார்க்கக் கெத்தாக இருக்கும், படம் போட்டால் லைக் அள்ளும். ஆனால் ஏர்பேக் சென்சார், மோதும்போது மடங்கிக் கொடுக்க வேண்டிய முன்பகுதி, ரேடியேட்டருக்குப் போகிற காற்று என்று அத்தனை வம்பும் அங்கேதான். புதுப் பட்டறைக்கு ஏற்றது எஞ்சினுக்கு அடியில் மாட்டும் ஸ்கிட் பிளேட். அதிலும் ஒரே மாடலுக்கு மட்டும்.

மெஷினுக்காகக் கடன் வாங்காதீர்கள். லேசர் கட்டிங், பெண்டிங், பவுடர் கோட்டிங் மூன்றையும் வெளியே கொடுத்துவிடலாம். கொடுக்கவே முடியாதது அளவும் ஜிக்கும் (ஒவ்வொரு பிளேட்டும் ஒரே அளவில் வர, துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சட்டம்). முதலில் அட்டையை வெட்டி வண்டிக்கு அடியில் பிடித்துப் பாருங்கள், அடுத்து பிளைவுட், அப்புறம்தான் உலோகம். ஒரே மாடலிலும் சேஸிஸ் ஓட்டை வண்டிக்கு வண்டி ஓரிரு மி.மீ. தள்ளியிருக்கும், மூன்று வண்டியிலாவது மாட்டிப் பார்க்காமல் ஆர்டர் எடுக்க வேண்டாம். எம்10 (10 மி.மீ.) போல்ட்டுக்கு வட்ட ஓட்டைக்குப் பதில் 11க்கு 16 மி.மீ. ஸ்லாட், அதாவது நீள ஓட்டை, போட்டு, தடித்த வாஷர் கொடுங்கள்.

அடுத்தது, தடிமன் கூடினால்தான் நல்லது என்கிற பைத்தியம். 900க்கு 700 மி.மீ. பிளேட்டை 6 மி.மீ. ஸ்டீலில் செய்தால் சுமார் 30 கிலோ. 3 மி.மீ. ஸ்டீலில் 15, 6 மி.மீ. அலுமினியத்தில் 10. அலுமினியம் இயல்பில் ஸ்டீலைவிட நெகிழ்வானது என்றாலும், விறைப்பு தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்பக் கூடுவதால், அந்த 6 மி.மீ. அலுமினியம் 3 மி.மீ. ஸ்டீலைவிட இரண்டரை மடங்குக்கு மேல் விறைப்பானது. குறை வேறிடத்தில்: அலுமினியம் பாறையில் வழுக்காது, பிய்ந்து ஒட்டும். பாறையில் தேய்த்து ஏறுபவருக்கு ஸ்டீல், மண்சாலையில் போகிறவருக்கு அலுமினியம் என்று பிரித்துச் சொல்லி விற்கலாம். அலுமினிய ஷீட் வாங்கும்போது 'இதுதான் ஸ்ட்ராங்' என்று 6061-டி6 என்ற ரகத்தைத் தருவார்கள். ஸ்ட்ராங்தான், ஆனால் மடக்கினால் வளைவின் வெளிப்பக்கம் விரிசல் விடும். மடக்குகிற வேலைக்கு 5052-எச்32 கேளுங்கள்.

பெயரைக் கெடுப்பது பெரும்பாலும் போல்ட் தலைதான். தட்டையான பிளேட்டுக்குக் கீழே துருத்தி நிற்கும் அறுகோணத் தலையைப் பாறை உரசி உரசி மழுக்கிவிடும். அப்புறம் ஸ்பேனர் பிடிக்காது, ஆயில் மாற்ற வந்த மெக்கானிக் கிரைண்டரைத் தேடுவார், திட்டு உங்களுக்கு வரும். போல்ட் உட்காரும் இடத்தைக் குழித்துவிட்டால் தீர்ந்தது. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் ஈரம் பட்டு அரிக்கும். ஆன்டி-சீஸ் (போல்ட் இறுகி ஒட்டாமல் காக்கும் பசை) தடவாமல் மாட்டக் கூடாது.

இரண்டு பிளேட் சந்திக்கிற இடத்தில் முன் பிளேட்டின் விளிம்பு பின் பிளேட்டுக்குக் கீழே வரட்டும். மாறிப்போனால் முன்னால் போகும்போது பின் பிளேட்டின் விளிம்பு பாறையில் கொக்கி போடும். ஆயில் வடிக்க பிளேட்டில் விடும் ஓட்டை, டிரெய்ன் போல்ட்டுக்கு நேர் கீழே இருந்தால் போதாது: ஆயில் கொஞ்சம் தள்ளித்தான் பாயும், ஓட்டையை அந்தப் பக்கம் நீட்டுங்கள். சேறு வடிய வழி விடுங்கள். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் காய்ந்த புல் சேரும் மூலை இருந்தால் தீப்பிடிக்கும், அந்த மூலையைத் திறந்தே வையுங்கள்.

பார்சலில் 8.8 கிரேடு (போல்ட்டின் வலிமையைச் சொல்லும் எண்) போல்ட்டும் வாஷரும் எண்ணிப் போட்டு, 500 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்கச் சொல்லி ஒரு துண்டுச்சீட்டும் வையுங்கள். முதல் பள்ளத்தில் பிளேட் உட்கார்ந்துகொள்ளும், போல்ட் தளரும்.