110 ஓம் எங்கே ஐயா எழுதியிருக்கிறது?

டிஏசியும் (டிஜிட்டல்-அனலாக் மாற்றி) ஆம்ப்ளிஃபயரும் ஒரே மேசைமீது இருக்கின்றன. இரண்டையும் இணைக்க ஒரு மீட்டர் பேலன்ஸ்டு கேபிள் (இரைச்சலை அடக்க இரண்டு கம்பிகளில் சிக்னலைக் கொண்டுபோவது), இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இதற்குப் புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடைக்காரர், "சார், டிஜிட்டல் கேபிளே எடுத்துக்கொள்ளுங்கள், சத்தம் தேனாக இருக்கும்" என்று மூன்று மடங்கு விலை சொல்கிறார்! டிஏசியின் வேலையே டிஜிட்டலை அனலாக்காக மாற்றுவதுதானே? அதிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போவதில் டிஜிட்டல் எங்கே இருக்கிறது? கேட்டால் சிரிக்கிறார்.

டிஜிட்டல் ஒலியைக் கேபிளில் அனுப்புவதற்கென்று 1985-இல் ஏஇஎஸ்3 முறையை வகுத்தபோது, ஸ்டுடியோ மைக்குகளில் இருந்த அதே மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கனெக்டரையே எடுத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் டிஜிட்டல் கேபிளும் அனலாக் கேபிளும் ஒன்றுதான். வேறுபாடு உள்ளே: டிஜிட்டல் கேபிளுக்கு 110 ஓம் இம்பீடன்ஸ் (ஓடும் சிக்னலுக்குக் கேபிள் காட்டும் மின்மறுப்பு) வேண்டும். இடது, வலது இரண்டையும் ஒரே கேபிளில் மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அனுப்புவதால், நீளம் கூடும்போது ஓம் பொருந்தாவிட்டால் சிக்னல் முட்டித் திரும்பும். அனலாக்குக்கு அந்தக் கவலையே இல்லை. நம் காதுக்கு எட்டும் உச்சமான 20 கிலோஹெர்ட்ஸில்கூட ஓர் அலையின் நீளம் கேபிளுக்குள் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் போகும் தூரத்தில் கிட்டத்தட்டப் பாதி! மேசைமேல் கிடக்கும் ஒரு மீட்டருக்கு ஓம் பார்த்து என்ன ஆகப்போகிறது? 110 ஓம் கேபிளில் அனலாக்கும் நன்றாகவே போகும், மறுக்கவில்லை. அதற்கு ஏன் மூன்று மடங்கு தண்டம் அழ வேண்டும் என்பதுதான் கேள்வி.

சரி, டிஜிட்டல் என்கிறார்களே, 110 ஓம் என்று உறையில் அச்சடித்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "தங்க முலாம்", "ஆக்சிஜன் இல்லாத செம்பு" எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. ஓம் மட்டும் இல்லை. நம் ஊர் உப்புக்காற்றில் பின் களிம்பு பிடிக்காமல் இருக்க முலாம் உதவும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே!

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கோயில் திருவிழாக்களுக்கு மைக்செட் போடுபவர் ஒருவர் இருக்கிறார். சாதாரண மைக் கேபிளை வெட்டி, கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக வலையான ஷீல்டை ஒன்றாம் பின்னிலும், இரண்டு கம்பிகளை இரண்டிலும் மூன்றிலும் கண் இமைக்காமல் பற்றவைத்துக் கொடுத்தார். இரைச்சல் என்ற பேச்சே இல்லை.

நேரு வீதிக் கேபிளை வாங்கிவந்த நண்பர் வீட்டிலோ ஓயாத உறுமல். கனெக்டரைத் திறந்து பார்த்தால், ஷீல்டு இழைகளை முறுக்கி ஒன்றாம் பின்னில் சும்மா சுற்றிவிட்டிருக்கிறார்கள். ஒரு பொட்டு ஈயம் இல்லை! கொண்டுபோய்க் காட்டினால், திருகைக் கழற்றிவிட்டீர்கள், இனி வாரண்டி செல்லாது என்கிறார்கள்.